லாட்ஜ் மெயிலும் ஆயிரம் விசிட்டிங் கார்டும்

லாட்ஜ்காரர் காலை ஆறரைக்குப் போன் பண்ணினால் நல்ல சேதியாக இருக்காது. அன்றைக்கும் இல்லை.

"இன்னா தம்பி, நம்ம மெயிலு வேலை செய்யுதா இல்லியா? இங்க ஒரு பையன் நின்னுக்கினு கீறான். பத்து நாளுக்கு முன்னாடியே மெயில் போட்டேன்றான். எனக்கு ஒண்ணும் வரல. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்."

நான் காட்பாடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், நடுவில் கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் வெப்சைட். அவருடைய லாட்ஜுக்கும் நான்தான் செய்து கொடுத்திருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டிப் போனேன்.

வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் நடந்தால் பெயர்ப்பலகைகளில் பாதி வங்காள எழுத்தில் இருக்கும். மேற்கு வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிற தெருக்கள். உள்ளூர் ஆட்களுக்கு வாட்ஸ்அப் போதும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் மெயில்தான் போடுவார்கள். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் தாளை இணைத்து, எந்தத் தேதி, எத்தனை பேர், நோயாளிக்கு என்ன கஷ்டம் என்று எழுதுவார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் படிவத்தில் பதிய வேண்டும். அதற்காக வங்கதேசத்துக்காரர்கள் பாஸ்போர்ட், விசா நகலை முன்கூட்டியே மெயிலில் அனுப்பிவிடுவார்கள். மற்ற வியாபாரத்தில் மெயில் ஓர் அலங்காரம். இந்தத் தெருவில் அது வாசல்.

போய்ப் பார்த்தேன். சில்சாரிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன், படி ஏற முடியாது. தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று அந்தப் பையன் தெளிவாக எழுதியிருந்தான், போனில் காட்டினான். தரைத்தள அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. இரண்டு ரூம் பாய்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அந்தப் பெரியவரை இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். நான் பின்னால் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இன்பாக்ஸ் முழுக்கக் குப்பை. பரிசு விழுந்திருக்கிறது, லோன் தருகிறோம், உங்கள் வெப்சைட்டை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், மெயில் பெட்டி நிரம்பிவிட்டது இங்கே அழுத்துங்கள். ஒரு நாளைக்கு நூறுக்கு மேல். ஸ்பாம் பெட்டிக்குள் போய்த் தேடினேன், சில்சார் கடிதம் அங்கே இல்லை. டிராஷ் பெட்டியில் இருந்தது. அழித்த கடிதம் அங்கே 30 நாள் கிடக்கும் என்பதால்தான் கண்ணில் பட்டது.

அதாவது அந்தக் கடிதம் ஒழுங்காக இன்பாக்ஸுக்கே வந்திருக்கிறது. எந்த வடிகட்டியும் அதைத் தடுக்கவில்லை. இவர் தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே மொத்தத்தையும் டிக் போட்டு அழித்துவிடுகிறார். அதோடு அதுவும் போயிருக்கிறது.

"நான் இன்னாத்த கண்டேன் தம்பி? எல்லாம் இங்கிலீஷ்ல வருது. எது குப்பை எது கடுதாசின்னு எத்தினி நாளைக்குப் பாத்துக்கினு இருக்கறது?"

ஸ்பாமினால் என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். குப்பைக் கடிதம் தன்னால் செய்கிற கெடுதல் கொஞ்சம். பார்க்காமலே அழிக்கிற பழக்கத்தை அது கைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அவருடைய முகவரி எப்படி வெளியே போனது? நான்தான் போட்டேன். வெப்சைட்டின் அடிப்பகுதியில் எல்லாப் பக்கத்திலும் பளிச்சென்று முகவரி, தொட்டால் மெயில் திறக்கும் லிங்க்கோடு. செய்து கொடுத்தபோது ரொம்பச் சௌகரியம் என்று அவரே பாராட்டினார்.

இந்த முகவரிகளை ஆள் யாரும் உட்கார்ந்து எழுதி எடுப்பதில்லை. ஒரு புரோகிராம் பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டே போகிறது. ஒரு பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகிறது. நாம் பார்க்கிற படமும் நிறமும் அதற்கு வேண்டாம். பக்கத்தின் பின்னால் இருக்கும் சோர்ஸ் எழுத்தைத்தான் அது படிக்கிறது. அதில் சில எழுத்து, நடுவில் ஒரு @, மறுபடி சில எழுத்து, ஒரு புள்ளி, முடிவில் இரண்டு மூன்று எழுத்து என்கிற வடிவம் எங்கே அகப்பட்டாலும் எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடும். பாலாற்று மணலைச் சல்லடையில் கொட்டிச் சலிக்கிற மாதிரிதான். சல்லடைக் கண்ணைவிடப் பெரியது நிற்கும், மற்றது கீழே போகும். எந்த ஊர்க் கல் என்று சல்லடை கேட்பதில்லை. பிறகு அந்தப் பட்டியல் கைமாறும், விலைக்குப் போகும். எத்தனை பேர் கைக்குப் போனது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

முதலில் நான் எடுத்த முடிவு பக்கத்திலிருந்து முகவரியை நீக்குவது. நீக்கிவிட்டு, சந்தேகத்துக்கு சோர்ஸில் @ குறியைத் தேடிப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. திரையில் போய்விட்டது, உள்ளே இன்னும் ஐந்து இடத்தில் இருந்தது. தேடுபொறிக்காகப் போட்ட ஒரு பிளக்இன், லாட்ஜ் பெயர், போன், மெயில் எல்லாவற்றையும் திரைக்குத் தெரியாத ஒரு துண்டாக எழுதி வைத்திருந்தது. லாட்ஜ் படத்துக்குப் பின்னால் நானே எழுதிய விளக்க வரியில் முகவரி இருந்தது. பழைய டெம்ப்ளேட்டின் குறிப்பு ஒன்றில் இருந்தது. அறை வாடகை விவரம் போட்ட பிடிஎஃப் கோப்பில் இரண்டு இடத்தில் இருந்தது. பிடிஎஃப் என்றால் படம் மாதிரி, அதை யாரும் படிக்க முடியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அதிலிருந்து எழுத்தை உருவுவது சாதாரண வேலை.

உங்கள் தளத்தில் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் சோர்ஸையும் திறந்து @ என்று தேடுங்கள். பிடிஎஃப்களிலும் தேடுங்கள். டொமைன், அதாவது வெப்சைட் பெயரின் பதிவு விவரத்திலும் முன்பெல்லாம் சொந்தக்காரர் முகவரி ஊருக்கே தெரியும். 2018-இல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள். என்றாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முகவரி போய்விட்டது, சரி. வருகிறவர்கள் எப்படி எழுதுவார்கள்? லாட்ஜ்காரர் இரண்டாம் நாளே கேட்டுவிட்டார். "கதவ இஸ்து மூடிட்ட. இப்ப உள்ள வர்றவன் எப்படி வருவான்?"

அங்கேதான் என் அடுத்த எட்டு மாதம் போனது.

அரசாங்கத் தளங்களைப் பார்த்திருப்பீர்கள். மாவட்ட நிர்வாகப் பக்கங்களில் @ குறிக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் 'அட்' என்றும், புள்ளிக்குப் பதில் 'டாட்' என்றும் ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். அரசே செய்கிறது, நாமும் செய்வோம் என்று அப்படியே மாற்றினேன். ஒரு வாரத்தில் மால்டாவிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். மூன்று முறை அனுப்பியும் மெயில் திரும்பி வருகிறதாம். பக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, அடைப்புக்குறியோடு சேர்த்து டைப் பண்ணியிருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. மனைவிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து அறை தேடுகிற மனிதரிடம் விடுகதை போடக்கூடாது. சல்லடைக்காரனுக்கோ இது விடுகதையே இல்லை. 'அட்' என்று வந்தால் @ என்று மாற்றிப் படி என்று தன் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. மனிதனைத் தடுத்து இயந்திரத்தை உள்ளே விடுகிற பூட்டு.

அடுத்தது படம். முகவரியைப் படமாக்கிப் போட்டேன். தொட்டால் திறக்காது, நகலெடுக்க முடியாது, சின்னப் போனில் எழுத்து கலங்கித் தெரியும். அவர் முகவரியில் ஒன்று என்ற எண் ஒன்று இருக்கிறது, அது ஆங்கில எல் எழுத்து மாதிரியே தெரியும். கண் தெரியாத ஒரு வாத்தியார் என் கடைக்கு வருவார், போனைப் பேசவிட்டுக் கேட்கிறவர். அவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். "இமேஜ்னு மட்டும் சொல்லுதுப்பா" என்றார். படத்துக்கு விளக்கம் எழுதினால் அவருக்குக் கேட்கும். ஆனால் விளக்கத்தில் முகவரியை எழுதினால் அதை முகவரி பொறுக்குகிற அந்த ரோபோ புரோகிராமும் படிக்கும். அன்றே அதை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, @ குறியை நேரடியாக எழுதாமல் @ என்று அதன் எண்ணால் எழுதுவது. பிரவுசர் அதைச் சரியான குறியாகவே காட்டும், படிக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எண்ணைக் குறியாக மாற்றிப் படிக்கிற ரோபோவுக்கு இது ஒரு தடையே இல்லை. ஆனால் சோம்பேறி ரோபோக்கள் நிறைய உண்டு. எந்த மனிதருக்கும் இடைஞ்சல் இல்லாத தந்திரம் என்பதால் இதைச் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை, இதை மட்டும் நம்பக்கூடாது.

இப்படிச் சின்னச் சின்னதாக மறைப்பதால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். 2005-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் சில முகவரிகளை அப்படியேயும், சிலவற்றை உருமாற்றியும் இணையத்தில் பல இடங்களில் போட்டு வைத்தது. ஐந்து வாரத்தில் அப்படியே போட்டவற்றுக்கு 6,400-க்கு மேல் ஸ்பாம். உருமாற்றியவற்றுக்கு ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து ரோபோ இன்றைய ரோபோ இல்லை, இன்று அந்த ஒன்று பல ஒன்றாக இருக்கும். என்றாலும் திறந்த கதவுக்கும் சாத்திய கதவுக்கும் இடையில் வித்தியாசம் இவ்வளவு என்பது புரிகிறது.

பிறகு படிவம் வைத்தேன். பெயர், போன், தேதி, எத்தனை பேர், அனுப்பு. முகவரியே வெளியே தெரியாது, இதுதான் சரி என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று நாளில் படிவத்துக்குள்ளேயே ஸ்பாம் வந்தது. முகவரி தேவையில்லை, பெட்டி கண்டால் நிரப்புகிற ரோபோக்கள் தனி ஜாதி. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைச் சேர்த்தேன். மனிதர் கண்ணில் படாது, அதனால் நிரப்ப மாட்டார். ரோபோ எல்லாவற்றையும் நிரப்பும், அப்போது அகப்படும். நல்ல வித்தைதான். ஆனால் சிலருடைய பிரவுசர் தானாகவே விவரங்களை நிரப்பும்போது இந்த மறைவுப் பெட்டியையும் நிரப்பிவிடுகிறது. அதனால் அகப்பட்டதைத் தூக்கி எறியாமல் 'சந்தேகம்' என்று முத்திரை போட்டு அனுப்பும்படி மாற்றினேன். டிராஃபிக் லைட் எங்கே இருக்கிறது என்று கேட்கிற படப் புதிர்களை வைக்கவில்லை. நாலு மணிக்குக் காட்பாடியில் இறங்கி, நடைமேடையில் நோயாளியை உட்காரவைத்துவிட்டுப் போனைத் தட்டுகிறவரிடம் பஸ்ஸையும் சைக்கிளையும் எண்ணச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

படிவத்தில் நான் செய்த பெரிய தப்பு வேறு. அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் வந்தவருடைய முகவரியையே போட்டிருந்தேன், பதில் எழுத வசதியாக இருக்கட்டும் என்று. விளைவு, உண்மையான விசாரணைகள் எல்லாம் லாட்ஜ்காரரின் ஸ்பாம் பெட்டிக்குப் போயின. காரணம் யோசித்தால் எளிது. ஒருவருடைய ஜிமெயில் முகவரியைச் சொல்லிக்கொண்டு, ஆனால் எங்கள் வெப்சைட் இருக்கும் சர்வரிலிருந்து கடிதம் வருகிறது. வாங்குகிற சர்வர் எஸ்பிஎஃப், டிமார்க் என்ற சோதனைகளைப் பார்த்து, இது போலி அனுப்புநர் என்று முடிவு கட்டுகிறது. அது சரியாகத்தான் செய்தது, நான்தான் போலிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அனுப்புநர் நம் சொந்த டொமைன் முகவரியாக இருக்க வேண்டும், வந்தவருடைய முகவரி 'பதில் இங்கே' என்ற இடத்தில் இருக்க வேண்டும். ஸ்பாமைத் தடுக்கப் போட்ட படிவமே கடிதங்களை ஸ்பாமாக மாற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் லாட்ஜில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம்.

இன்னொரு குறையும் தெரிந்தது. படிவத்தில் அனுப்பியவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. சில்சார்ப் பையன் 'நான் எழுதினேன்' என்று போனைக் காட்டினானே, படிவமாக இருந்திருந்தால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. தன்னிடம் நகல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மெயிலைத்தான் நம்புகிறார்கள். அவர்கள் நினைப்பது நியாயம்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் விசிட்டிங் கார்டு கதை. தளத்தில் உள்ள முகவரிகளைத் தானே மறைத்துக்கொடுக்கும் ஓர் இலவசச் சேவையைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தைத் திறந்தால் முகவரி தெரியும். சோர்ஸில் மட்டும் அந்த இடத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு சங்கேதம் இருக்கும், பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் ஓடிய பிறகுதான் அது முகவரியாக மாறும். ஓடாத இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'இமெயில் புரொடெக்டட்' என்று ஆங்கிலத்தில் நிற்கும். நன்றாகத்தான் வேலை செய்தது. அதே வாரம் லாட்ஜ்காரரின் அக்கா மகன் புது கார்டு அடிக்கக் கொடுத்திருக்கிறான். விவரம் எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டான். அங்கே யாரோ பக்கத்தைச் சேமித்து, அதிலிருந்து எழுத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஆயிரம் கார்டு வந்தது. பளபளப்பான அட்டை, தங்க நிற எழுத்து, லாட்ஜ் பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே மின்னஞ்சல்: இமெயில் புரொடெக்டட்.

"இது இன்னா தம்பி புது அட்ரஸா?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சேவையின் யோசனை சரியானதுதான். அதையே நான் கைப்பட எழுதினேன், ஒரு மாற்றத்தோடு. இப்போது பக்கத்தில் முகவரி இல்லை, ஒரு பொத்தான் இருக்கிறது. ஆங்கிலம், இந்தி, வங்காளம் மூன்றிலும் 'மெயில் முகவரி காட்டு' என்று எழுதியிருக்கும். வங்காள வரியை அந்தத் தெருவில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் எழுதிக்கொடுத்தார். தொட்டால், துண்டு துண்டாக வைத்திருக்கும் முகவரி ஒன்றுசேர்ந்து பெரிய எழுத்தில் வரும். அது நிஜ எழுத்து. நகலெடுக்கலாம், தொட்டால் மெயில் திறக்கும், வாத்தியாரின் போன் அதைப் படித்தும் காட்டியது. முழு பிரவுசரையே ஓட்டிப் பொத்தான்களை அழுத்திப் பார்க்கிற ரோபோவும் இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கான பக்கம் போகிறவனுக்கு ஒவ்வொன்றிலும் அப்படி நின்று அழுத்தினால் கட்டுப்படி ஆகாது. அவன் செலவைக் கூட்டினால் போதும், ஒரு லாட்ஜ் முகவரிக்காக அவன் நிற்க மாட்டான்.

இதிலும் ஒருமுறை சறுக்கினேன். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, அதற்கென உள்ள மாற்று இடத்தில் முழு முகவரியையும் எழுதி வைத்தேன். ரோபோ முதலில் படிப்பதே அதைத்தான். இப்போது அங்கே போன் நம்பர் மட்டும் இருக்கிறது.

மறைக்கும் வித்தையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் உள்ளபடியே குப்பை குறைந்தது அதனால் மட்டும் இல்லை. பழைய முகவரி ஏற்கெனவே பட்டியல்களில் ஏறிவிட்டது. அதை இனி எங்கே மறைத்தாலும் வருவது வரும், சிந்திய எண்ணெயைக் கையால் அள்ளுகிற கதை. பழைய முகவரியை மூன்று மாதம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம், பழைய வாடிக்கையாளர் எழுதினால் புது முகவரியிலிருந்து பதில் போட்டோம், பிறகு அதை ஓய்வில் விட்டோம். புது முகவரிக்கு 'இன்ஃபோ', 'அட்மின்' மாதிரிப் பொதுப்பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயர்களை எங்கும் வெளியிடாவிட்டாலும் எல்லா டொமைனுக்கும் ஊகித்து அனுப்புகிறார்கள். டொமைனில் எந்தப் பெயருக்கு எழுதினாலும் ஒரே பெட்டியில் விழுகிற வசதி திறந்திருந்தது, அதையும் மூடினேன்.

சொந்த டொமைன் இருப்பதில் ஒரு லாபம், எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வெப்சைட்டில் ஒரு பெயர், பிடிஎஃப்பில் ஒரு பெயர், லாட்ஜ் பட்டியல் போடும் தளங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரும், ஆனால் எந்தக் கதவு வழியாக வந்தது என்று தெரியும். முதல் குப்பை வந்தது நான் எதிர்பார்த்த வெப்சைட் கதவு வழியாக இல்லை. பட்டியல் தளம் ஒன்றுக்குக் கொடுத்த பெயருக்கு வந்தது. அந்தப் பெயரை மட்டும் அன்றே மூடினோம், மற்றவை தொடர்ந்து நடக்கின்றன. ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு இதைச் செய்யலாம். ஆனால் கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டால் உண்மையான முகவரி வந்துவிடும் என்பது பட்டியல் விற்கிறவனுக்கும் தெரியும்.

பாஸ்போர்ட் விஷயம்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரெல்லாம் தெரிந்த முகவரியின் பெட்டியில் இத்தனை பேருடைய பாஸ்போர்ட் நகல் கிடந்தது. மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்று வந்த லிங்க்கை அக்கா மகன் ஒருநாள் அழுத்தி, பாஸ்வேர்ட் கேட்கும் வரை போய்விட்டு, அது மறந்துபோனதால் தப்பித்தான். இப்போது நகல்கள் வேறொரு முகவரிக்கு வருகின்றன. அது எந்தப் பக்கத்திலும் இல்லை, அறை உறுதியான பிறகு அனுப்பும் பதிலில் மட்டும் இருக்கும். அரசின் படிவத்தில் பதிந்ததும் வேலை முடிந்த நகலை அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பெட்டிக்கும் போனில் வரும் எண்ணைக் கேட்கிற இரண்டாம் கட்டச் சோதனை உண்டு.

ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு இதைவிட மோசம். வெளிநாட்டு சப்ளையர் எழுதுகிற மாதிரியே, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தை இதில் போடுங்கள் என்று கடிதம். முகவரியில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். பணம் போடும் முன் போன் பண்ணிக் கேட்டதால் பிழைத்தார். வெப்சைட்டில் கணக்குப் பிரிவு, ஏற்றுமதிப் பிரிவு, முதலாளி என்று ஆள் ஆளுக்கு முகவரி போட்டிருந்தார்கள். யார் யாருக்கு எழுதுவார்கள் என்ற வரைபடத்தையே கொடுத்தது போல. பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும், தாமதித்தால் மீட்பது கஷ்டம்.

சட்டத்தை நம்பலாமா என்று லாட்ஜ்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சல் பற்றி ஒரு வரி இருந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது, அது சரியான தீர்ப்பும்கூட. போன், எஸ்எம்எஸ் தொல்லையைப் புகார் செய்ய 1909 என்று ஓர் எண்ணாவது இருக்கிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தன் விவரத்துக்குப் பொருந்தாது. "அப்போ நானே போட்டா நானே அனுபவிக்கணும்" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

கடைசியாகச் செய்தது மிகச் சாதாரண வேலை, ஆனால் முதலில் செய்திருக்க வேண்டியது. குப்பையைப் பொறுக்கி வெளியே போடுவதற்குப் பதில் நெல்லைப் பொறுக்கித் தனியே வைத்தேன். ரூம், அப்பாயின்ட்மென்ட், ஆஸ்பத்திரி நம்பர், நோயாளி, சி.எம்.சி. என்ற சொற்கள், வங்காளத்திலும் இந்தியிலும் அவற்றுக்கு இணையானவை, இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தக் கடிதம் ஸ்பாமுக்குப் போகாமல் 'அறை' என்ற சிவப்பு முத்திரையோடு தனியாக நிற்கும். லாட்ஜ்காரர் காலையில் காபியோடு பார்ப்பது அந்த ஒரு பெட்டியை மட்டும். மீதியை வாரம் ஒருமுறை நான் பார்க்கிறேன். மொத்தமாக டிக் போட்டு அழிக்கும் வேலையை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன், அவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

சில்சார்ப் பையன் மறுபடி எழுதினான், அப்பாவுக்கு ஆறு மாத செக்கப். சிவப்பு முத்திரையோடு வந்தது. தரைத்தளத்தில் மூன்றாம் நம்பர் அறை.

அந்த ஆயிரம் கார்டையும் லாட்ஜ்காரர் எறியவில்லை. மேஜை டிராயரில் கட்டுக்கட்டாக இருக்கிறது. பின்பக்கம் வெள்ளை. வருகிறவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டை அதில்தான் எழுதிக் கொடுக்கிறார்.

"அதான் புரொடெக்டட்னு போட்டுக்கீதே" என்கிறார்.